கழுவாத கைகளும் கேளாத காதுகளும்
செப்சிஸ் என்ற நோயின் வரலாறு

"வருசப்பிறப்பு மலருக்கு நோயைப் பற்றியோ எழுதப் போறியள்?" என்று வீட்டிலேயே கேட்டார்கள். மருத்துநீர் வைத்து முழுகி வருசத்தைத் தொடங்குகிறவர்கள் நாங்கள். அந்த நாளில் உடம்பைப் பற்றி நாலு வார்த்தை பேசுவதில் குற்றமில்லை என்று நினைக்கிறேன்.

நான் வைத்தியன் அல்லன். லண்டன் வைத்தியசாலைகளில் எங்கட ஆக்களுக்காகப் பல வருடங்கள் மொழிபெயர்ப்பாளனாக வேலை செய்தவன். அந்த வேலையில் அடிக்கடி காதில் விழுந்து, ஒவ்வொரு முறையும் என்னைத் தடுமாற வைத்த சொல் 'செப்சிஸ்'. "இரத்தத்தில நஞ்சு ஏறிட்டுது" என்று சொன்னால் சனத்துக்கு விளங்கும். ஆனால் அது பாதி உண்மைதான். முழுவதையும் அறிய வேண்டும் என்று நூலகத்தில் தேடத் தொடங்கினேன். தேடத் தேட ஒன்று தெளிவாகியது. இந்த நோயின் கதையில் கிருமி மட்டும் எதிரி அல்ல. கண்டவர்கள் சொன்னதைக் கேளாமல் விட்டதும் ஏராளமான உயிர்களைக் குடித்திருக்கிறது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

நோய் என்ன செய்கிறது?

செப்சிஸ் என்பது கிரேக்கச் சொல். அழுகுதல் என்று பொருள். ஹிப்போகிரட்டீஸ் காலத்து மருத்துவ நூல்களிலேயே இந்தச் சொல் இருக்கிறது. புண் அழுகி, காய்ச்சல் கூடி, ஆள் பிதற்றத் தொடங்கினால் பிழைப்பது அரிது என்று பழைய வைத்தியர்கள் எல்லா நாட்டிலும் அறிந்திருந்தார்கள். எங்கட ஊரில் இந்தப் பிதற்றலை 'சன்னி' என்பார்கள். "காய்ச்சல் முத்திச் சன்னி கண்டிட்டுது" என்றால் வீடே கலங்கிப் போகும்.

இன்றைய மருத்துவம் இதை வேறு விதமாக விளக்குகிறது. கிருமி புகுந்தால் எதிர்ப்பதற்கு உடம்பிடம் ஒரு படை இருக்கிறது. வழமையாக அந்தப் படை கிருமி நிற்கிற இடத்திலேயே சண்டையை முடித்துவிடும். செப்சிஸில் அந்தப் படை கட்டுப்பாட்டை இழந்துவிடுகிறது. ஒரு வீட்டில் ஒருவன் ஒளித்திருக்கிறான் என்று ஊர் முழுவதற்கும் செல் அடித்தால் என்ன நடக்கும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. அதுதான் உடம்புக்குள்ளும் நடக்கிறது. இரத்தக் குழாய்கள் தளர்ந்து நீர் வெளியே கசிகிறது. இரத்த அழுத்தம் விழுகிறது. நுண்ணிய குழாய்களில் இரத்தம் உறைந்து அடைக்கிறது. சிறுநீரகம், நுரையீரல், மூளை என்று ஒவ்வொன்றாகப் பழுதுபடுகின்றன.

'தென்னையில தேள் கொட்டப் பனையில நெறி கட்டின மாதிரி' என்று ஊரில் பகிடியாகச் சொல்லுவோம். செப்சிஸில் அது பகிடி அல்ல. புண் காலில் இருக்கும், மூச்சு நெஞ்சில் முட்டும். கிருமி சலப்பையில் இருக்கும், பேச்சுத் தடுமாறும். அதனால்தான் பலர் இதை அடையாளம் காணத் தவறுகிறார்கள். 2020இல் வெளியான உலகளாவிய கணிப்பு ஒன்றின்படி, 2017ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 4 கோடி 89 இலட்சம் பேரை இந்த நோய் பிடித்தது. அவர்களில் 1 கோடி 10 இலட்சம் பேர் இறந்தார்கள். அந்த வருடம் உலகில் நடந்த மரணங்களில் ஐந்தில் ஒன்று இதனோடு தொடர்புபட்டது.

அபர்டீன் வைத்தியர்

கதை ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரில் தொடங்கட்டும். 1789 முதல் 1792 வரை அங்கே பிள்ளை பெற்ற தாய்மார் பலர் காய்ச்சல் கண்டு இறந்தார்கள். மகப்பேற்றுக் காய்ச்சல் என்று அதற்குப் பெயர். பிரசவத்துக்குப் பிறகு கருப்பையில் கிருமி தொற்றி வருகிற செப்சிஸ்தான் அது. அந்த நாளில் கெட்ட காற்றால் வருகிறது என்றார்கள், பால் தலைக்கேறியது என்றார்கள், விதி என்றும் சொன்னார்கள்.

அலெக்சாண்டர் கோர்டன் என்ற வைத்தியர் வேறு வேலை செய்தார். எந்தத் தாய்க்கு எந்த மருத்துவிச்சி பிள்ளைப்பேறு பார்த்தார் என்று அட்டவணை போட்டார். குறிப்பிட்ட சிலர் போன வீடுகளிலேயே காய்ச்சல் வந்தது. அட்டவணை சொன்ன உண்மையில் இருந்து அவர் தன்னையும் தப்பவிடவில்லை. நோயைக் காவிச் சென்றவர்களில் தானும் ஒருவன் என்று 1795இல் வெளியிட்ட நூலில் எழுதினார். உடுப்புகளை எரிக்க வேண்டும் அல்லது புகையூட்ட வேண்டும், பிள்ளைப்பேறு பார்ப்பவர்கள் நன்றாகக் கழுவ வேண்டும் என்றார். நோய்க்கு இரத்தம் எடுப்பதுதான் மருந்து என்று அவர் நம்பியது பிழை. ஆனால் நோய் பரவும் வழியைச் சரியாகவே கண்டார். ஊர் அவருக்கு நன்றி சொல்லவில்லை. வெறுப்பைத் தாங்க முடியாமல் மீண்டும் கடற்படைக்குப் போனார். 1799இல் காசநோயால் இறந்தார். அவருடைய நூலைச் சனம் மறந்துவிட்டது.

வியன்னாவின் இரண்டு விடுதிகள்

ஐம்பது வருடங்களுக்குப் பிறகு, வியன்னா பொது வைத்தியசாலை. அங்கே இரண்டு பிள்ளைப்பேற்று விடுதிகள் இருந்தன. முதலாவதில் வைத்தியர்களும் மருத்துவ மாணவர்களும் வேலை செய்தார்கள். இரண்டாவதில் மருத்துவிச்சிகள். 1846ஆம் ஆண்டில் முதலாம் விடுதியில் நூற்றுக்கு 11 தாய்மாருக்கு மேல் இறந்தார்கள். இரண்டாம் விடுதியில் நூற்றுக்கு 3 பேர் கூட இல்லை.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் என்ற முறையில் விடுதிகள் ஆட்களை ஏற்றன. ஏழைப் பெண்களுக்கு எந்த நாள் எந்த விடுதி என்று தெரிந்திருந்தது. முதலாம் விடுதி நாளில் வலி வந்துவிட்டால், "எங்களை அங்கே விடாதேங்கோ" என்று முழந்தாளில் நின்று கெஞ்சினார்கள். தெருவிலேயே பிள்ளையைப் பெற்றுவிட்டு வந்தவர்களும் உண்டு. தெருவில் பெற்றவர்களுக்குக் காய்ச்சல் குறைவாகவே வந்தது. பேராசிரியர்கள் காற்றைப் பற்றியும் காலநிலையைப் பற்றியும் விவாதித்துக் கொண்டிருந்த காலத்தில், எழுத்தறியாத அந்தப் பெண்கள் எந்த வாசலால் போகக் கூடாது என்று சரியாக அறிந்திருந்தார்கள். அவர்கள் சொன்னதை யார் கேட்டார்கள்?

ஒருவர் கேட்டார். 1846இல் அங்கே உதவி வைத்தியராகச் சேர்ந்த இக்னாஸ் செமல்வைஸ் என்ற ஹங்கேரியர். இரண்டு விடுதிகளுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். இறக்கிறவர்களுக்குப் பூசை செய்ய வருகிற பாதிரியாரின் மணிச்சத்தம் தாய்மாரைப் பயமுறுத்துகிறதோ என்றுகூட நினைத்து மணியை நிறுத்திப் பார்த்தார். பலன் இல்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் யாக்கோப் கொலெற்ஷ்கா இறந்தார். பிணப் பரிசோதனை நடக்கும்போது மாணவன் ஒருவனின் கத்தி அவருடைய விரலில் பட்டுவிட்டது. அவருடைய உடலில் கண்ட மாற்றங்களும் காய்ச்சலில் இறந்த தாய்மாரின் உடலில் கண்ட மாற்றங்களும் ஒன்றுபோலவே இருந்தன. செமல்வைஸுக்கு வெளித்தது. மாணவர்கள் காலையில் பிணம் அறுக்கிறார்கள். அதே கையோடு வந்து தாய்மாரைச் சோதிக்கிறார்கள். மருத்துவிச்சிகள் பிணம் அறுப்பதில்லை.

1847 மே நடுப்பகுதியில் இருந்து எல்லோரும் குளோரின் கலந்த நீரில் கை கழுவ வேண்டும் என்று கட்டளை போட்டார். அந்த வருடம் ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த மரணம் யூனில் 2 ஆக இறங்கியது. 1848இல் ஒருவருமே இறக்காத மாதங்களும் இருந்தன. ஒரு கிண்ணம் குளோரின் நீர் செய்த வேலை அது.

ஆனால் பெரிய வைத்தியர்கள் பலர் ஏற்கவில்லை. தங்கள் கைதான் தாய்மாரைக் கொன்றது என்று ஒப்புக்கொள்வது யாருக்குத்தான் லேசு? கிருமி என்ற விளக்கமும் அப்போது வரவில்லை. செமல்வைஸும் பொறுமையாக எடுத்துச் சொல்லத் தெரியாதவர். எதிர்த்தவர்களைக் கொலைகாரர் என்று கடிதம் எழுதினார். அவருடைய பதவி நீடிக்கப்படவில்லை. சொந்த நாட்டுக்குத் திரும்பினார், மனம் குழம்பினார். 1865இல் வியன்னாவில் ஒரு மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டார். அங்கே காவலாளிகளிடம் அடிபட்டு, காயத்தில் கிருமி தொற்றி, ஓகஸ்ட் 13ஆம் திகதி 47ஆவது வயதில் இறந்தார். எந்த நோயைத் தடுக்கப் போராடினாரோ அதே நோய்தான் அவரையும் கொண்டு போனது.

அதற்கு முதல் நாள், ஓகஸ்ட் 12, கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்ரர் என்ற சத்திரசிகிச்சை நிபுணர், வண்டிச் சில்லு ஏறிக் கால் உடைந்த 11 வயதுப் பெடியனின் காயத்துக்குக் காபோலிக் அமிலம் தோய்த்த துணியால் கட்டுப்போட்டார். அப்படிப்பட்ட காயத்துக்கு அந்தக் காலத்தில் காலை வெட்டுவதுதான் வழக்கம். பெடியன் ஆறு கிழமையில் குணமாகி நடந்தான். லிஸ்ரர் 1867இல் இதை எழுதி வெளியிட்டார். 1879இல் பாரிஸ் மருத்துவக் கழகத்தில் ஒருவர் மகப்பேற்றுக் காய்ச்சலின் காரணம் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, லூயி பாஸ்ரர் குறுக்கிட்டு, மாலை கோத்தது போன்ற கிருமியைக் கரும்பலகையில் கீறிக் காட்டினார். அதற்குப் பிறகுதான் காதுகள் மெல்லத் திறந்தன.

மருந்து வந்த கதை

தடுக்க வழி தெரிந்தது. வந்தபின் மாற்ற மருந்து இல்லை. அது கிடைக்க இன்னும் ஐம்பது வருடங்களுக்கு மேல் போனது.

ஜேர்மனியில் கெர்ஹாட் டோமாக் என்பவர் சிவப்புச் சாயம் ஒன்று எலிகளைக் கிருமியில் இருந்து காப்பதை 1932இல் கண்டார். புரொன்ரோசில் என்று பெயர். 1935 டிசம்பரில் அவருடைய சின்ன மகளின் கையில் ஊசி குத்தி, கிருமி ஏறி, கையை வெட்ட வேண்டும் என்ற நிலை வந்தது. தகப்பன் தன்னுடைய மருந்தையே கொடுத்தார். பிள்ளை பிழைத்தாள், கையும் தப்பியது. லண்டன் குயீன் சார்லட்ஸ் வைத்தியசாலையில் லெனாட் கோல்புறூக் இதை மகப்பேற்றுக் காய்ச்சல் கண்ட 38 தாய்மாருக்குக் கொடுத்தார். நாலைந்து பேரில் ஒருவர் இறந்துகொண்டிருந்த நோயில், அந்த 38 பேரில் 3 பேர்தான் இறந்தார்கள். இந்த முடிவு 1936இல் வெளிவந்தது.

அடுத்து பெனிசிலின். பிளெமிங் 1928இல் கண்டதை மருந்தாக்கியவர்கள் ஒக்ஸ்போட்டில் வேலை செய்த புளோரி, செயின், ஹீற்லி ஆகியோர். யுத்த காலம். பாத்திரங்கள் இல்லாமல் நோயாளர் மலசலம் கழிக்கிற சட்டி போன்ற ஏனங்களில் பூஞ்சணத்தை வளர்த்தார்கள். 1941 பெப்ரவரி 12, அல்பேர்ட் அலெக்சாண்டர் என்ற பொலிஸ்காரருக்கு முதல் ஊசி போட்டார்கள். முகத்தில் வந்த சிறு காயம் பெருத்து, கிருமி உடம்பெல்லாம் பரவி, ஒரு கண்ணையும் எடுத்திருந்தார்கள். மருந்து ஏற ஏறக் காய்ச்சல் இறங்கியது, சாப்பிட்டார். ஆனால் கையிருப்பில் இருந்த பெனிசிலின் கொஞ்சம்தான். அவருடைய சிறுநீரைச் சைக்கிளில் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோய், அதில் இருந்து மருந்தைப் பிரித்தெடுத்துத் திரும்பவும் ஏற்றினார்கள். அதுவும் முடிந்தது. மார்ச் 15ஆம் திகதி அவர் இறந்தார். இன்று எந்த மருந்துக்கடையிலும் இருக்கிற ஒரு மருந்து இல்லாமல், குணமாகிக்கொண்டு வந்த மனிதர் கண் முன்னாலேயே போய்விட்டார்.

இன்றைய சிகிச்சை

செப்சிஸ் என்று சந்தேகம் வந்தால் இன்று வைத்தியர்கள் செய்வது இதுதான். இரத்தம் எடுத்து எந்தக் கிருமி என்று வளர்த்துப் பார்க்க அனுப்புவார்கள். இரத்தத்தில் லக்ரேற் என்ற பொருளின் அளவைப் பார்ப்பார்கள். அது கூடினால் உடம்புக்கு இரத்த ஓட்டம் போதவில்லை என்பதற்கு அது ஓர் அறிகுறி. நாளத்தால் கிருமிகொல்லி மருந்தும் சேலைனும் ஏற்றுவார்கள். தேவையானால் ஒட்சிசன் கொடுப்பார்கள். சிறுநீர் எவ்வளவு போகிறது என்று அளப்பார்கள். எங்காவது சீழ் கட்டியிருந்தால் அதை வெளியேற்றுவார்கள். அழுத்தம் ஏறாவிட்டால் தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்து, குழாய்களை இறுக்குகிற மருந்து கொடுப்பார்கள்.

கட்டுப்பாடு இழந்த அந்தப் படையை அடக்குவதற்கு என்று ஒரு தனி மருந்து இன்னும் இல்லை. 2001இல் ஒன்றுக்கு அனுமதி கொடுத்தார்கள். பலன் நிரூபிக்கப்படாததால் 2011இல் அது சந்தையில் இருந்து எடுக்கப்பட்டது. ஆகவே நேரம்தான் பெரிய மருந்து. கனடா, அமெரிக்க வைத்தியசாலைகளில் இரத்த அழுத்தம் விழுந்த நோயாளர்களை ஆராய்ந்து 2006இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, முதல் ஆறு மணித்தியாலத்தில் சரியான கிருமிகொல்லி தாமதமாகும் ஒவ்வொரு மணிக்கும் தப்புகிறவர்களின் தொகை சராசரியாக 7.6 வீதம் குறைந்ததாகக் காட்டியது. அதிர்ச்சி நிலையில் ஒரு மணித்தியாலத்துக்குள் மருந்து ஏற வேண்டும் என்பதே இன்றைய நெறிமுறை.

மார்த்தா விதி

மருந்து உண்டு, கருவி உண்டு. கேட்கிற காது?

2021இல் இங்கிலாந்தில் மார்த்தா என்ற சிறுமி சைக்கிளில் இருந்து விழுந்தாள். வயிற்றுக்குள் கணையம் காயப்பட்டது. வைத்தியசாலையில் கிழமைக்கணக்காக இருக்கும்போது செப்சிஸ் வந்தது. பிள்ளை மோசமாகிறாள் என்று பெற்றோர் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு நேரத்தோடு மாற்றவில்லை. 14 வயதாகச் சில நாட்கள் இருக்க அவள் இறந்தாள். நேரத்தோடு மாற்றியிருந்தால் பெரும்பாலும் பிழைத்திருப்பாள் என்று 2022இல் மரண விசாரணை அதிகாரி சொன்னார்.

அந்தத் தாய் ஒரு பத்திரிகையாளர். ஆங்கிலம் எழுதிப் பிழைப்பவர். அவருடைய சொல்லே ஏறவில்லை என்றால், ஐம்பது சொல் ஆங்கிலத்தோடு கட்டிலருகில் நிற்கிற எங்கட அம்மாமாரின் கதி என்ன என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன்.

பெற்றோரின் முயற்சியால் 2024இல் இங்கிலாந்தில் 'மார்த்தா விதி' வந்தது. 143 இடங்களில் தொடங்கிப் பின்னர் விரிவாக்கப்பட்டது. நோயாளி மோசமாகிறார், சொல்வது எடுபடவில்லை என்று குடும்பத்தினர் நினைத்தால், விடுதிக்கு வெளியே உள்ள வேறொரு அவசர சிகிச்சைக் குழுவை வந்து பார்க்கும்படி கேட்கலாம். அவுஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் றயன் என்ற குழந்தையின் பெயரால் இதுபோன்ற விதி முன்னரே வந்துவிட்டது. 2012இல் இறந்த றோரி என்ற 12 வயதுச் சிறுவனின் பெயரால் நியூயோர்க் மாநிலத்தில் 2013இல் செப்சிஸ் ஒழுங்குவிதிகள் வந்தன. ஒவ்வொரு விதிக்குப் பின்னாலும் ஒரு பிள்ளையின் உயிர் இருக்கிறது.

'பரவாயில்லை' என்ற சொல்

இனி எங்கட பக்கத்துக்கு வருகிறேன். ஆட்களை அடையாளம் காட்டாமல் ஒரு சம்பவம் சொல்கிறேன். சலரோகம் உள்ள அம்மம்மா ஒருவரை வைத்தியசாலைக்குக் கொண்டு வந்திருந்தார்கள். "எப்படி இருக்கிறியள்?" என்று வைத்தியர் கேட்க, "பரவாயில்லை ஐயா" என்றார். கேட்கிற கேள்விக்கு இடையிடையே ஊர்க் கதை, மாட்டுக்குத் தண்ணி வைக்கவில்லை என்று. வயதுக்கு அது இயல்பு என்று வைத்தியர் எழுதத் தொடங்கினார். அப்போது பேத்தி உறுதியாகச் சொன்னாள்: "அம்மம்மா இப்பிடிக் கதைக்கிற ஆள் இல்லை. நேற்றுப் பின்னேரம் வரைக்கும் வீட்டுக் கணக்கு முழுக்க அவதான் பார்த்தவ. இது இண்டைக்கு வந்தது." நான் அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். வைத்தியர் பேனையை வைத்துவிட்டு அழுத்தத்தை எடுத்துப் பார்த்தார். விழுந்திருந்தது. சலத்தில் இருந்த கிருமியால் வந்த செப்சிஸ். அம்மம்மா பிழைத்து வீட்டுக்குப் போனா.

மருந்துக்கு முதல் அங்கே வேலை செய்தது அந்தப் பேத்தியின் வாக்கியம். 'முந்தி எப்படி இருந்தவர், இப்ப எப்படி இருக்கிறார், எப்ப மாறினவர்' என்ற மூன்றும் வீட்டாருக்கு மட்டும் தெரிந்த தகவல். எந்த இயந்திரமும் அதைச் சொல்லாது.

ஆகவே இவற்றை மனதில் வைத்திருங்கள். பேச்சுக் குழறுதல் அல்லது புதிதாக வந்த மாறாட்டம், மூச்சு வேகமாக வாங்குதல், நாள் முழுக்கச் சலம் போகாமை, கடும் நடுக்கம் அல்லது தசைநோவு, தோல் வெளிறுதல் அல்லது திட்டுத்திட்டாக நிறம் மாறுதல் ஆகியவை ஆபத்து அறிகுறிகள். எங்கட நிறத்தில் தோல் மாற்றம் லேசில் தெரியாது. உதடு, நாக்கு, உள்ளங்கை, உள்ளங்கால் ஆகியவற்றைப் பாருங்கள். குழந்தையென்றால் எழுப்ப முடியாத நித்திரை, பால் குடிக்காமை, உடம்பு குளிர்ந்து போதல். காய்ச்சல் கட்டாயம் இருக்க வேண்டும் என்றில்லை. முதியவர்களுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் உடம்பு குளிரவும் கூடும். இப்படி ஒன்று கண்டால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். இங்கிலாந்தில் 999ஐ அழையுங்கள், மற்ற நாடுகளில் உள்ளவர்கள் அந்தந்த அவசர இலக்கத்தை. அங்கே போய், "இது செப்சிஸாக இருக்குமோ?" என்று வாய் திறந்து கேளுங்கள். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேளுங்கள். பத்து வயதுப் பிள்ளையை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள்.

அலுமாரியில் மிச்சம் கிடக்கிற கிருமிகொல்லிக் குளிசைகளைத் தாங்களாகவே போட வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். கண்டபாட்டுக்குப் பாவித்தால் கிருமிகள் மருந்துக்கு மசியாமல் போய்விடும். பொலிஸ்காரர் அலெக்சாண்டர் மருந்து போதாமல் இறந்தார். மருந்து இருந்தும் வேலை செய்யாத காலம் எங்கட பிள்ளைகளுக்கு வரக் கூடாது.

நாங்கள் பெரியவர்களை எதிர்த்துப் பேசாமல் வளர்ந்த சனம். வைத்தியர் என்றால் ஒரு படி மேல். அந்த மரியாதை நல்லது, அது இருக்கட்டும். ஆனால் "இவர் இப்படி இருக்கிற ஆள் இல்லை" என்று சொல்வது மரியாதைக் குறைவு அல்ல. நல்ல வைத்தியர் அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறார்.

எல்லோருக்கும் நோய்நொடியற்ற சித்திரைப் புத்தாண்டு வாழ்த்துகள்.